இறங்கி வா என்றார் மன்னர்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், விக்கிரமகேது என்றொரு மன்னர் இருந்தார். அவருக்குத் திடீர் திடீரென்று ஆசைகள் வரும். ஒரு மாதம் கிளி வளர்ப்பார். மறு மாதம் அந்தக் கிளிகளுக்கு இலக்கணம் சொல்லித்தர ஆள் தேடுவார். ஒரு மழைக்காலத்தில் அவருக்குப் போர் ஆசை வந்தது. நல்லவேளை, நிஜப் போர் இல்லை. சபை மண்டபத்தின் நடுவே இரண்டு கட்டில் அகலத்துக்குப் பலகை போடச் சொன்னார். குயவர்கள் வந்து அதன் மேல் களிமண்ணால் ஒரு நாட்டையே செய்து வைத்தார்கள். தெற்கே ஒரு கோட்டை, வடக்கே ஒரு கோட்டை, நடுவில் முதலை முதுகு மாதிரி ஒரு மலை. மலையின் இரு முனைகளிலும் சுற்றிப் போக வழி. எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்புக் கோடு இழுத்துக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள்.

ஆட்டம் எப்படி என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டால்தான் பின்னால் வருகிற வேடிக்கை ருசிக்கும்.

முதலில் ஒருவர் தன் காய்களையெல்லாம் நகர்த்துவார். அது அவர் முறை. பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்; அடுத்தவர் முறை வரும். காலாளும் வில்லாளும் யானையும் ஒரு முறைக்கு இரண்டு கட்டம் போகலாம், குதிரை நான்கு கட்டம். வில்லாளின் அம்பு இரண்டு கட்டம் பாயும்; மற்றக் காய்கள் எதிரி நிற்கும் கட்டத்திலேயே ஏறி அவனை வீழ்த்தும். ஆனால் நடந்த முறையில் அவன் அம்பு விடக் கூடாது. நடப்பதா எய்வதா, ஒன்றுதான். வெல்வது எப்படி? எதிராளியின் கோட்டை வாசல் ஒரே ஒரு கட்டம். அதில் உங்கள் காய் ஒன்று நுழைந்து, எதிராளியின் ஒரு முறை முழுவதும் விழாமல் நின்றுவிட்டால், உங்கள் அடுத்த முறையில் கொடியை எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்தது.

மலைக்கு மட்டும் தனியாக மூன்று விதிகள். ஒரு கட்டம் ஏறினால் இரண்டு கட்டம் நடந்ததாகக் கணக்கு. மலை உச்சியிலிருந்து எய்த அம்பு ஒரு கட்டம் கூடுதலாகப் பாயும். மலையிலிருந்து இறங்கி ஓடும் குதிரைக்கும் ஒரு கட்டம் கூடுதல். இவற்றை எழுதியவர் மன்னரேதான். எழுதிய கையோடு மறந்தும் போனார். ஏனென்றால் அவருக்கு மலையே தேவைப்படவில்லை. நேராகப் படையைக் கிளப்புவார், எதிரே ஆடும் பிரதானி நடுநடுங்கித் தன் காய்களை ஓரமாக ஒதுக்கி வழி விடுவார், மன்னர் வெல்வார், சபை ஆரவாரம் செய்யும். இப்படியே இருபது நாள்.

இருபத்தோராம் நாள், ஆரவாரம் அடங்கியதும் ஒரு குரல் கேட்டது. "அந்த மலை என்ன பாவம் செய்தது, மன்னா? ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லையே!"

சொன்னவன் சபை விகடன் சுருளப்பன். படைக்கெல்லாம் தலைவரான தளவாய் மல்லிநாதருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. தான் மூன்று நாழிகை பேசியும் சிரிக்காத மன்னர், சுருளப்பன் தும்மினால்கூடச் சிரிக்கிறாரே என்ற எரிச்சல். இதுதான் சமயம் என்று அவர் எழுந்தார்.

"மன்னா! மன்னர் பெருமானின் வெற்றியை இவன் குறை சொல்கிறான். மலை அவ்வளவு உயர்த்தி என்றால் இவனே ஆடிக் காட்டட்டும். மன்னருக்கு இருபது காய், இவனுக்கு ஆறு காயும் அவன் மலையும். தோற்றவர் பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். சம்மதமா என்று கேளுங்கள்."

மன்னருக்குக் கண்கள் பளபளத்தன. "ஆகா, அருமையான பந்தயம்! அப்படியே ஆணையிட்டோம். நாளைக் காலை!"

ஓலைக்காரர் அதை ஓலையில் கீறினார். ஆணை ஆணைதான். சுருளப்பனால் இனி மறுக்க முடியாது.

அவன் வீட்டுக்குப் போவதற்குள் சேதி போய்விட்டது. மனைவி அல்லி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, மூட்டை கட்டவா, சோறு வடிக்கவா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. தளவாய் வீட்டு ஆளு வந்து நம்ம வீட்டு அறையை எல்லாம் அளந்து பார்த்துட்டுப் போறான். அவங்க மச்சானுக்கு வேணுமாம்."

"சோறு வடி. ஆறு காய் இருக்கு, மலை இருக்கு. பார்த்துக்கலாம்."

"மலையை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"போன மாசம் அடுத்த வீட்டுக்காரி மச்சு மேல நின்னு உன்னோட சண்டை போட்டாளே, யாரு நனைஞ்சா?"

அல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவ ஒரு செம்புத் தண்ணிதான் ஊத்தினா. நான் ஒரு குடம் வீசியும் அவ முந்தானை நனையலை. அது நியாயமான சண்டையா?"

"நாளைக்கு நானும் நியாயமா சண்டை போடப் போறதில்லை" என்று சொல்லிவிட்டு அவன் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

மறுநாள் சபையில் நிற்க இடமில்லை. தெற்குக் கோட்டைக்குப் பின்னால் ஆசனம் போட்டு மன்னர் அமர்ந்தார். அவர் பக்கம் எட்டுக் காலாள், ஆறு குதிரை, நான்கு யானை, இரண்டு வில்லாள். சுருளப்பனுக்குக் கொடுத்தது நான்கு வில்லாளும் இரண்டு குதிரையும். அவன் ஆறையும் அப்படியே மலை உச்சியில் கொண்டுபோய் வைத்தான். தன் கோட்டையில் ஒருவரையும் வைக்கவில்லை.

"கோட்டையைத் திறந்து போட்டுவிட்டு உச்சியில் காற்று வாங்குகிறாயா?" என்றார் தளவாய்.

"ஆமாம், தளவாய் அவர்களே. உச்சியிலிருந்து என் கோட்டை வாசல் மூன்றே கட்டம். அம்பும் இங்கிருந்து மூன்று கட்டம் பாயும். கதவைச் சாத்தாமலே பூட்டு போட்டிருக்கிறேன்."

மன்னர் வழக்கம்போல எட்டுக் காலாட்களையும் வரிசையாகக் கிளப்பினார். இரண்டு கட்டம் நடந்து மலையடிவாரத்தில் நின்றார்கள். அங்கிருந்து உச்சிக்கு மூன்று கட்டம். சுருளப்பனின் முறை: நான்கு அம்பு, நான்கு காலாள் விழுந்தார்கள்! மீதி நான்கு பேர் ஏறினார்கள். சமவெளியாக இருந்தால் இரண்டு கட்டம் பாய்ந்து வில்லாட்களின் மூக்கைத் தொட்டிருப்பார்கள். மலை ஏற்றமாயிற்றே, ஒரே கட்டம்தான் போக முடிந்தது. மறுபடி நான்கு அம்பு. அந்த நால்வரும் விழுந்தார்கள்! உச்சியில் ஒருவனுக்குக்கூட ஒரு கீறல் இல்லை.

சபையில் பின்வரிசையில் யாரோ "சபாஷ்!" என்று கத்திவிட்டு, உடனே பக்கத்தில் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

மன்னரின் முகம் செவசெவ என்று ஆனது. "தளவாய்! நீரே நகர்த்தும். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை" என்று சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

தளவாய் ஒன்றும் அசடு இல்லை. அம்பு பாயும் தூரம் மூன்று கட்டம் என்றால் நான்காவது கட்டத்தில் நடந்தால் ஆபத்தில்லை என்று கண்டுகொண்டார். குதிரைகளையும் யானைகளையும் மலைக்கு எட்டத்தில் சுற்றவிட்டு, முறைக்குச் சிறிது சிறிதாக வடக்கே கொண்டுபோனார். தெற்குக் கோட்டை வாசலில் இரண்டு வில்லாட்களை மட்டும் காவல் வைத்தார். அவரும் பலகையைச் சுற்றி நடந்து வடக்குப் பக்கம் போய் நின்றுகொண்டார். சுருளப்பனின் கோட்டைக்கு இரு புறமும், அம்பு எட்டாத இடத்தில், பத்துக் காய்கள் காத்து நின்றன. உள்ளே நுழைந்தால் உச்சியிலிருந்து அம்பு வரும். ஆனால் சுருளப்பன் கீழே இறங்கினால்? அம்பு இரண்டு கட்டமாகக் குறுகும். ஆறு குதிரையும் நான்கு யானையும் அவனை மிதித்துத் துவைத்துவிடும். இறங்க வைத்தால் போதும்!

தளவாய் ஓடிவந்து மன்னரின் காதில் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்ப வடக்கே போனார். மன்னர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சுருளப்பா! உச்சியில் உட்கார்ந்தே ஆடுவது வீரர்க்கு அழகில்லை. புது விதி சொல்கிறேன். இன்னும் மூன்று முறைக்குள் உன் காய்கள் அனைத்தும் உச்சியை விட்டு இறங்கி வர வேண்டும். இல்லையேல் நீ தோற்றாய்."

ஓலைக்காரர் அதையும் ஓலையில் கீறினார். சபையில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். விகடன் தொலைந்தான் என்றே எல்லோருக்கும் பட்டது.

சுருளப்பன் கும்பிட்டான். "மன்னர் வாக்கு. இறங்கித்தானே வர வேண்டும்? வருகிறேன்."

முதல் முறையில் அவன் எதையும் தொடவில்லை. தளவாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பயத்தில் கை ஓடவில்லை பாருங்கள்! எப்படியும் இவன் தன் கோட்டையைக் காக்க இந்தப் பக்கம்தான் விழ வேண்டும். வாசலில் அந்த இருவர் ஏன் சும்மா நிற்க வேண்டும்? வேட்டைக்கு அவர்களும் வரட்டும்" என்று தெற்குக் காவல் வில்லாட்களையும் கிளப்பினார். இரண்டு கட்டம் போனார்கள்.

இரண்டாம் முறையிலும் சுருளப்பன் அசையவில்லை. ஏன் என்று புரிகிறதா? காவலர்கள் இரண்டு கட்டத் தூரத்தில்தான் இருந்தார்கள். அங்கிருந்தே திரும்பி வாசல் வரை எய்ய முடியும். தளவாய் அவர்களை இன்னும் இரண்டு கட்டம் நடத்தினார். இப்போது நான்கு கட்டம். திரும்பி ஓடிவந்தாலும், நடந்த முறையில் எய்ய முடியாது!

மூன்றாம் முறை. சுருளப்பன் எழுந்து நின்றான். வில்லாட்களைத் தெற்குச் சரிவில் இறக்கினான். ஒரு குதிரையைத் தெற்கே இறக்கினான். இன்னொரு குதிரையை விரல் நுனியில் பிடித்து, எல்லோரும் கேட்க எண்ணினான். "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு..." மன்னரின் கோட்டை வாசலுக்கு இன்னும் ஒரு கட்டம் பாக்கி. "மலை கொடுத்த கட்டம் ஐந்து!"

குதிரை மன்னரின் கோட்டை வாசலில் நின்றது.

"அநியாயம்!" என்று தளவாய் கூவினார். "இந்தப் பக்கம் அல்லவா இறங்கி வர வேண்டும்!"

"தளவாய் அவர்களே, 'இறங்கி வா' என்று தாங்கள் சொல்லியிருந்தால் தாங்கள் நிற்கும் வடக்கே வந்திருப்பேன். சொன்னவர் மன்னர். மன்னர் இருப்பது தெற்கே. கூப்பிட்டவரிடம் போவதற்குப் பெயர்தானே வருவது? அந்தப் பக்கம் என்றால் 'இறங்கிப் போ' என்று அல்லவா சொல்லியிருப்பார்!"

மன்னர் ஓலைக்காரரைப் பார்த்தார். அவர் ஓலையை வெளிச்சத்தில் பிடித்து, "வர வேண்டும் என்றுதான் இருக்கிறது, பிரபு" என்றார்.

தளவாய் பதற்றத்தில் ஒரு குதிரையை எடுத்து வடக்குக் கோட்டை வாசலில் டக்கென்று வைத்தார். "நானும் நுழைந்துவிட்டேன்! அம்பு விட உச்சியில் ஆள் இல்லை!"

"நுழைந்தீர்கள், ஆனால் எனக்கு ஒரு முறை பிந்தி" என்றான் சுருளப்பன். "தங்கள் முறை முடிந்ததா? என் குதிரை அது முழுவதும் விழாமல் நின்றதா? தங்கள் குதிரைகள் நடுவே இருக்கும் மலையை ஏறிக் கடக்க இன்னும் இரண்டு முறை ஆகும். இப்போது என் முறை." கையை நீட்டி மன்னரின் கொடியைப் பிடுங்கினான்.

மண்டபம் அதிர்ந்தது! பின்வரிசைக்காரர் இந்தத் தடவை ஒளியாமலே சபாஷ் போட்டார்.

தளவாய் மட்டும் விடவில்லை. அவர் குரல் மெதுவாக, விஷமாக வந்தது. "நன்றாகக் கொண்டாடுங்கள். தோற்றவர் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்பது ஆணை. இந்த விகடன் நம் மன்னரையே நாடு கடத்தப் பார்க்கிறான்!"

ஆரவாரம் அப்படியே நின்றது. மன்னரின் புருவம் ஏறியது. வென்றவன் கழுத்துக்குத்தான் இப்போது ஆபத்து.

"மன்னரா தோற்றார்?" என்றான் சுருளப்பன் வியப்போடு. "மன்னர் எட்டுக் காலாளை நகர்த்தியதோடு ஆட்டத்தை விட்டு எழாமலே எழுந்துவிட்டாரே! படையைச் சுற்ற விட்டது யார் கை? வாசல் காவலை எடுத்தது யார் கை? ஆடி முடித்தவர்தானே தோற்றவர்?"

எல்லோரும் தளவாயின் கையைப் பார்த்தார்கள். அந்தக் கையில் இன்னும் ஒரு யானை இருந்தது. அவர் அதைச் சட்டென்று கீழே வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை. "மன்னா... எனக்குப் பிள்ளை குட்டிகள்..."

"ஆணையை மீற முடியாதே" என்றார் மன்னர், மீசைக்குள் ஏதோ துடிக்க. "சுருளப்பா, நீயே சொல்."

"பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்றுதான் ஆணை, மன்னா. திரும்பி வரக் கூடாது என்று ஒரு சொல்லும் இல்லை. நம் எல்லைக் குன்று நகரத்துக்கு வெளியிலேயே இருக்கிறது. உச்சியைத் தாண்டி ஓர் அடி வைத்தால் அடுத்த நாடு. தளவாய் ஏறி, அந்த ஓர் அடியை வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடலாம்."

மத்தியான வெயிலில், பட்டுத் தலைப்பாகையோடு, தளவாய் குன்றேறினார். மன்னரும் சபையும் அரண்மனை உப்பரிகையில் நின்று பார்த்தார்கள். பத்து அடிக்கு ஒரு தடவை அவர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்ன, நகரவே மாட்டேன் என்கிறார்?" என்றார் மன்னர்.

"அவர் முறை முடிந்துவிட்டது, மன்னா. அடுத்த முறைக்குக் காத்திருக்கிறார்."

விக்கிரமகேது தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துத் தன் முத்துமாலையைக் கழற்றிச் சுருளப்பன் கழுத்தில் போட்டார். "உன் வீட்டை அளந்தார்களாமே? அதை ஒட்டிய தோட்டத்தையும் அளந்து உனக்கே தரச் சொல்கிறேன். ஆனால் ஒன்று. நாளைக் காலை மறுபடி ஆட வேண்டும். உச்சி எனக்கு!"

"உத்தரவு, மன்னா" என்றான் சுருளப்பன், கீழே இருந்துகொண்டு ஒரு மலையை எப்படிப் பிடிப்பது என்று அப்போதே யோசிக்கத் தொடங்கியவனாய்.