வேம்பனின் முப்பத்தாறு பாஸ்

பூங்குன்றை ராஜா வீரகேதுவுக்குக் கால்பந்துப் பைத்தியம். ராஜா காலத்தில் ஏது கால்பந்து என்று கேட்கிறீர்களா? கதை கேட்க வந்தீர்களா, வழக்காட வந்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். ராஜாவே அரண்மனை அணியில் முன்வரிசை ஆட்டக்காரர். கோல் போடுவது அவர் வேலை. போட்டாரா என்பது வேறு விஷயம்.

பக்கத்து நாட்டோடு பெரிய ஆட்டம் வரப்போகிற சமயம். தலைமைக் கணக்கர் ஆளவந்தார் ஓலைக் கட்டோடு சபைக்கு வந்தார். அதுவரை நடந்த ஆட்டங்களில் அவருடைய ஆட்கள் பத்துப் பேர் மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு பாஸையும் எழுதி வைத்திருந்தார்கள்.

"பிரபு, நம் கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற ஸ்டாப்பர்கள் இரண்டு பேர். சடையன் நூறு பாஸ் கொடுத்தான். தொண்ணூற்றெட்டு நம்மவர் காலுக்கே போய்ச் சேர்ந்தது. வேம்பனும் நூறு கொடுத்தான். முப்பத்தாறு வீண்!"

"முப்பத்தாறா!" ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்தே விட்டார். "அதனால்தான் எனக்குப் பந்தே வருவதில்லை. நாளையோடு வேம்பன் அணியில் இல்லை."

சபையில் கோதண்டர் இருந்தார். வாய்க்கொழுப்புக்கென்றே அரண்மனையில் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர். "ஒரு நாள் பொறுங்கள் பிரபு. அந்த ஓலைகளை நானும் ஒருமுறை புரட்டிப் பார்க்கிறேன்" என்றார்.

"பாரும். பார்த்தால் முப்பத்தாறு முப்பதாகிவிடுமா?" என்றார் ராஜா.

வெளியே வேம்பன் நின்றிருந்தான். ஆறடி ஆள், கண் கலங்கியிருந்தது. "ஐயா, போகச் சொன்னா போயிடறேன். ஆனா நான் போட்ட பந்து தப்பில்லைன்னு ஒருத்தராவது சொல்லணும். பார்த்துப் பார்த்துப் போட்டதுங்க." கோதண்டருக்கு மனசு கேட்கவில்லை. நேரே கணக்கர் மண்டபத்துக்குப் போனார்.

ஆளவந்தாரின் ஆட்களைக் குறை சொல்ல முடியாது. பந்து எங்கே புறப்பட்டது, யாருக்குப் போனது, எங்கே விழுந்தது, எல்லாம் எழுதியிருந்தார்கள். கூட்டிப் போடும்போது மட்டும் அதையெல்லாம் விட்டுவிட்டார்கள். இன்னொன்றும் கோதண்டர் கண்ணில் பட்டது. வேம்பனின் முப்பத்தாறில் முப்பத்தொன்றுக்கு 'யாருக்கு' என்ற இடம் காலியாக இருந்தது.

"இது என்ன ஓய்?"

ஆளவந்தார் குரலைத் தாழ்த்தினார். "அது மன்னருக்குப் போன பந்து. மன்னர் தவறவிட்டார் என்று எழுதும் வழக்கம் நம் சமஸ்தானத்தில் உண்டா? அதனால் கொடுத்தவன் தலையில் எழுதிவிடுவோம். எனக்கும் தலை ஒன்றுதானே இருக்கிறது!"

மறுநாள் காலை சபை நடுவில் கோலமாவால் ஒரு மைதானம் வரைந்திருந்தது. கோதண்டர் பந்து விழுந்த இடங்களிலெல்லாம் கொட்டைகளை வைத்தார். சேர்ந்த பந்துக்குப் புளியங்கொட்டை, சேராததற்குக் குன்றிமணி.

"இது சடையன், பிரபு."

ராஜா குனிந்து பார்த்தார். புளியங்கொட்டை எல்லாம் நம் கோல் பக்கமே குவிந்து கிடந்தது. "என்னய்யா இது? பக்கத்தில் நிற்கிற வேம்பனுக்கும் பின்னால் கோல் காக்கிறவனுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறான்!"

"ஆமாம் பிரபு. நூற்றில் எதிரி ஒருவனையாவது தாண்டியது நாலே நாலு. இது வேம்பன். எழுபது பாஸ் எதிரிகளைத் தாண்டியிருக்கிறது."

"சிவப்பில் நாலைந்து போக மிச்சமெல்லாம் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறதே? எதிரித் தடுப்புக்குப் பின்னால், வெட்டவெளியில். அடடா, அருமையான இடம்! நாலு எட்டு ஓடியிருந்தால் கோல்!"

"யாரும் ஓடவில்லை, பிரபு."

"முன்னால் நிற்கிற சேந்தனா?"

"சேந்தனுக்குப் போனதெல்லாம் சேர்ந்துவிட்டது. இது இன்னொருவர். பந்து வரும், அவர் பார்ப்பார். பந்து போகும், அதையும் பார்ப்பார்."

ஆளவந்தாருக்கு வியர்த்துக் கொட்டியது. ராஜாவுக்கோ துளி சந்தேகமில்லை. அவர் நினைப்பில் அவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் மான் மாதிரி ஓடிக்கொண்டிருந்தார்.

"எவன் அந்தச் சோம்பேறி? பேரைச் சொல்லும்!"

"ஓலையில் பேர் இல்லை. கணக்கர்களுக்கு எழுதப் பயம்."

"நான் இருக்கும்போது எவனுக்கு எவனிடம் பயம்?" ராஜா தொடையில் தட்டினார். "யாராக இருந்தாலும் சரி, நாளை முதல் தினமும் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டும். இது என் ஆணை!"

"ஆணையை மாற்றமாட்டீர்களே?"

"என்றைக்கு மாற்றியிருக்கிறேன்?"

கோதண்டர் கைகட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டார். "ஒரே ஒரு சந்தேகம், பிரபு. அவருக்கு வெண்கொற்றக்குடை பிடிக்கிறவனும் கூடவே ஓட வேண்டுமா?"

ராஜா குன்றிமணிகளைப் பார்த்தார். ஆளவந்தாரைப் பார்த்தார். ஆளவந்தார் தரையைப் பார்த்தார். முதலில் ராஜாவின் மீசை துடித்தது, பிறகு வயிறு குலுங்கியது. கடைசியில் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"எழுதும் ஓய், ஆளவந்தாரே! முப்பத்தொன்றும் என் பேரில். இனி யார் விட்டாலும் விட்டவன் பேரைத்தான் எழுத வேண்டும். வேம்பனைக் கூப்பிடுங்கள், பெரிய ஆட்டத்தில் அவன்தான் நடுவில் நிற்பான்."

வேம்பன் வந்து கும்பிட்டான். "பந்தில் தப்பில்லையப்பா" என்று ராஜா தன் வாயாலேயே சொன்னார். அந்த ஆறடி ஆள் சபை நடுவில் அழுதே விட்டான்.

பிறகு ராஜா கோதண்டர் பக்கம் திரும்பினார். "குடைக்காரன் ஓட வேண்டாம். ஆனால் பத்துச் சுற்றும் தனியாக ஓடினால் எனக்குப் பொழுது போகாதே. இவ்வளவு நன்றாகப் பேசுகிற உமக்குப் பரிசு தராமல் விடலாமா? நாளை விடியலில் நீரும் மைதானத்துக்கு வந்துவிடும். பேசிக்கொண்டே ஓடலாம்."