மஞ்சள் கரு எங்கே போனது?

"மாத்திரையா, பத்தியமா? நீங்களே ஒண்ணு சொல்லிருங்கம்மா."

கரட்டம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இது எத்தனாவது தடவைங்ணா?"

"எதுங்கம்மா?"

"இந்தக் கேள்வி."

சென்னியப்பன் யோசித்தார். "ஒரு நாலஞ்சு இருக்குமுங்க."

"ஒம்போது," என்றார் கரட்டம்மா.

காங்கேயம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு மண்பாதை. அது முடிகிற இடத்தில் ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. கரட்டின் மேல் ஒரு ஓட்டு வீடு. எட்டு வருடத்துக்கு முன்னால், நூல் மில்லின் இரைச்சல் காதை விட்டுப் போகட்டும் என்று கரட்டம்மா அங்கே வந்து குடியேறினார். பேசாமல் இருக்கத்தான் வந்தார். பேசாமல் இருந்ததால் ஞானி என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அன்றோடு நிம்மதி போயிற்று.

அவருக்கு வயது நாற்பத்தொன்று. சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பத்தாறு.

சென்னியப்பன் கீழே ரோட்டோரம் எடை மேடை வைத்திருக்கிறார். இருபது டன் லாரியை அரை நிமிடத்தில் எடை போட்டு அனுப்புகிறவர், கொழுப்பைக் குறைக்கிற கடுகத்தனை மாத்திரை ஒன்றுக்கு ஐந்து மாதமாக அல்லாடுகிறார். மாத்திரை அட்டை சட்டைப் பையிலேயே இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மாத்திரையப் போடுங்கன்னாருங்க."

"அப்பறம்?"

"நடக்கச் சொன்னாரு. எண்ணெயக் கொறைக்கச் சொன்னாருங்க."

"இதுல எதைச் செய்யோணுமாம்?"

"ரெண்டையுமுங்க."

"பொறகென்ன?"

"அதெப்பிடீங்கம்மா ரெண்டும்? பத்தியம் இருந்தா மாத்திரை எதுக்கு? மாத்திரை போட்டா பத்தியம் எதுக்கு? ரெண்டுல ஒண்ணுதானுங்களே சரியா இருக்கோணும்?"

கரட்டம்மா கையிலிருந்த கீரைத் தண்டை இரண்டாக ஒடித்தார். எரிச்சலில்தான் ஒடித்தார்.

சென்னியப்பன் ஒடிந்த தண்டை உற்றுப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே தண்டுதாங்கறீங்க," என்றார் மெதுவாக.

"முத்தின தண்டுங்கறேன்."

இதுதான் பெரிய தொல்லை. கரட்டம்மா எது செய்தாலும் சென்னியப்பன் அதற்கு ஒரு பொருள் கண்டுபிடித்துவிடுவார். போன மாதம் இதே கேள்வியோடு வந்தபோது அவர் படாரென்று கதவைச் சாத்திக்கொண்டார். சென்னியப்பன் சாத்திய கதவையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வாயைச் சாத்து என்று புரிந்துகொண்டு போய், ஒரு வாரம் ராச்சோற்றை நிறுத்தினார். அதற்கு முந்தைய முறை கரட்டம்மா ஆட்டை விரட்டக் கல்லை விட்டெறிந்தார். மாத்திரையை எறி என்கிறார் போல என்று அட்டையைக் கையில் எடுத்துவிட்டார் சென்னியப்பன். நல்லவேளை, எறிய மனசு வரவில்லை.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னியப்பனின் அண்ணன் ஐம்பத்திரண்டு வயதில், அதே எடை மேடை நாற்காலியில், லாரிக்காரரிடம் சீட்டை நீட்டிய கையோடு சாய்ந்தவர். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. டாக்டர் அந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் மாத்திரை எழுதினார்.

"பயமா இருக்குதுங்கம்மா," என்றார் சென்னியப்பன்.

கரட்டம்மா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் போடோணுமாமுங்க. எங்க மச்சான் காலு வலிக்குதுங்கறாரு. வாட்ஸப்புல ஒருத்தன் கொள்ளுத் தண்ணிங்கறான், ஒருத்தன் பூண்டுங்கறான். போடாம இருந்தா அண்ணன் நெனப்பு வருது. போடலாம்னு கையில எடுத்தா, அட்டையப் பிரிச்ச அன்னைக்கே நான் நோயாளின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருதுங்களே."

"காலு வலிச்சா டாக்டர்கிட்டச் சொல்லோணும். எங்கிட்ட வந்து சொன்னா? நான் டாக்டரா?"

"நீங்க அதுக்கும் மேலீங்கம்மா."

கரட்டம்மா பல்லைக் கடித்தார். அதையும் அவர் கவனித்துவிடப் போகிறாரே என்று உடனே விட்டுவிட்டார்.

சென்னியப்பன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"இதப் பாருங்க. கெட்ட கொழுப்பு நூத்தித் தொண்ணூத்திரண்டு இருந்துச்சு. இப்ப நூத்தி எழுபத்தொண்ணு. வெறும் பத்தியத்துல! டாக்டர் பத்தாதுங்கறாரு. ஆனா எறங்குதில்லீங்க?"

"என்ன பத்தியம்?"

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

"காத்தால நாலு முட்டைங்க, வெள்ளைக்கரு மட்டும். ஆடை எடுத்த பாலு. கோழி எடுத்தாத் தோலு ஆகாது. தேங்காச் சட்டினியத் தொடறதில்லீங்க. அஞ்சு மாசமா ஒரு நாள் தப்பலீங்கம்மா. சாமி சத்தியமா."

கரட்டம்மாவின் கை நின்றது.

"மஞ்சக்கரு எங்க போச்சு?"

சென்னியப்பன் கண்ணை மூடினார். இத்தனை நாள் காத்திருந்த வாக்கு வந்துவிட்டது என்று அவருக்குப் பட்டது.

"மஞ்சக்கருன்னா... ஆசைங்களா?"

"மஞ்சக்கருன்னா மஞ்சக்கரு. முட்டைக்குள்ள இருக்குமே, அது. எங்க போச்சு?"

"தெரியலீங்க. ஊட்டுக்காரி தூக்கிப் போட்டிருப்பா."

"பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"ஆடை?"

சென்னியப்பன் தாளை மடித்தார்.

"கோழித் தோலு?"

மடித்த தாளைப் பைக்குள் வைத்தார்.

கரட்டம்மா முறத்தைத் தள்ளி வைத்தார். "ஏனுங்ணா, ஒரு லாரி வருது. எடை போட்டா இருபது டன்னு. மறுக்கா வருது, பதினெட்டு டன்னு. அதுக்கு என்ன அர்த்தம்?"

"ரெண்டு டன்ன எங்கியோ எறக்கிட்டாங்கன்னு அர்த்தமுங்க." இதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

"நீங்க எங்க எறக்குனீங்க?"

சென்னியப்பன் மறுபடி கண்ணை மூடப் போனார்.

"யோசிக்காதீங்க! வீட்டுக்குப் போயிப் பாருங்க. பாக்காம இந்தப் பக்கம் வந்தீங்கன்னா நாய அவுத்து உட்ருவேன்."

மறுநாள் காலை நடை முடிந்து வந்த சென்னியப்பன், எப்போதும் போலச் சாப்பாட்டு வட்டலுக்கு முன்னால் போய் உட்காரவில்லை. சமையலறைக்குள் போய் நின்றார்.

அவர் மனைவி மயிலாத்தாள் திரும்பிப் பார்த்தார். "என்னுங்க? தண்ணி வேணுமா?"

"இல்ல. சும்மா."

"சும்மான்னா அக்கட்டால நில்லுங்க. வழியில நிக்கறீங்க."

மயிலாத்தாள் நான்கு முட்டைகளை உடைத்தார். மஞ்சள் கருவை ஓட்டுக்கு ஓடு மாற்றி, வெள்ளையை ஒரு கிண்ணத்திலும் மஞ்சளை ஒரு கிண்ணத்திலும் விட்டார். வெள்ளை, மிளகுத் தூளோடு வெந்து சென்னியப்பன் வட்டலுக்கு வந்தது.

பிறகு வாணலியில் எண்ணெய் விட்டு, நாலு சின்ன வெங்காயத்தை அரிந்து போட்டு, மஞ்சள் கரு நான்கையும் அதில் கவிழ்த்தார். ராத்திரி மீந்த சோற்றைப் போட்டுப் பிரட்டினார். டம்ளரில் எடுத்து வைத்திருந்த பாலாடையையும் வழித்து மேலே போட்டுக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தார்.

"என்ன மயிலு பண்ற?"

"சாப்படறேன். பாத்தாத் தெரியலையா?"

"நாலையுமா?"

"நாலு முட்டைய ஒடைச்சா நாலு மஞ்சக்கருதான் வரும்."

"தூக்கிப் போட வேண்டியதுதான?"

மயிலாத்தாள் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "திங்கற பண்டத்தத் தூக்கிப் போடறதா? நல்லா இருக்குது போங்க."

"அப்ப கோழித் தோலு?"

"வறுத்துக்குவேன்."

"அரைச்ச சட்டினி?"

"நீங்க தொடறதில்ல. வேற ஆரு இருக்கறா இந்த ஊட்ல?"

"எத்தன நாளா?"

"நீங்க பத்தியம் இருக்கற நாளா."

சென்னியப்பனுக்கு மனக்கணக்கு தானாக வந்தது. நாளைக்கு நான்கு, ஐந்து மாதம். அறுநூறு.

வட்டலில் வெள்ளைக்கரு ஆறிக்கொண்டிருந்தது.

"நீ எப்பவாச்சும் ரத்தம் குடுத்துப் பாத்திருக்கியா?"

"நம்ம தாரணி பொறந்தப்ப எடுத்தாங்க."

மகள் தாரணிக்கு இருபத்தேழு வயது.

"எனக்கென்ன கேடு?" என்று சிரித்தார் மயிலாத்தாள். "துணி காயப் போட மாடியேறுனா மூச்சு வாங்குது. அது வயசுக்கு வாங்கத்தான செய்யும்."

சென்னியப்பன் சாப்பிடவில்லை. மயிலாத்தாளை ரத்தம் கொடுக்கப் பைக்கில் கூட்டிக்கொண்டு போனார்.

ரிப்போர்ட் அடுத்த நாள் வந்தது. கெட்ட கொழுப்பு இருநூற்று நான்கு.

டாக்டர் அதை இரண்டு முறை பார்த்தார். "முட்டையினாலயா, அதுக்கு முன்னாடியே இருந்துச்சான்னு எப்படிச் சொல்றது? இதுவரைக்கும்தான் யாருமே பாக்கலையே," என்றார். மூச்சு வாங்குவதற்கு ஒரு ஈசிஜி எடுக்கச் சொன்னார். சென்னியப்பனுக்கு எழுதிய அதே மாத்திரையை மயிலாத்தாளுக்கும் எழுதினார்.

பத்தாவது முறை சென்னியப்பன் கரடு ஏறி வந்தபோது முகம் சிவந்திருந்தது. பத்தடி பின்னால் மயிலாத்தாள், கையில் ஒரு துணிப்பையோடு, நின்று நின்று ஏறி வந்தார். அவர் இங்கே வருவது இதுதான் முதல் முறை.

"நீங்களே கேளுங்கம்மா இந்த நாயத்த!" வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார் சென்னியப்பன். "டாக்டரு எழுதிக் குடுத்துட்டாரு. அட்டைய வாங்கிப் பையில வச்சுக்கிட்டா. போட மாட்டேங்கறா! பத்தியத்துலயே பாத்துக்கறாளாம்!"

"ஏனுங்க்கா?" என்று கேட்டார் கரட்டம்மா.

"ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் போடோணுமாமுங்க," என்றார் மயிலாத்தாள். "காலு வேற வலிக்குமாம்."

"ஆரு சொன்னாங்க?"

மயிலாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கணவரைக் காட்டினார். "இவியதானுங்க."

"அட, நான் ஆயிரம் சொல்லுவேன்! டாக்டரு சொன்னாக் கேக்க வேண்டாமா?" சென்னியப்பன் குரல் ஏறியது. "கடுகத்தன மாத்திரை! இதுக்குப் போயி இத்தன ரோசனையா? எத்தன தடவ சொல்றதுங்கம்மா ஒரு மனுசன்!"

"எத்தன தடவ சொன்னீங்க?"

"ஒம்போது தடவ!"

சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார்.

கரட்டம்மா சிரித்தார். இந்த எட்டு வருடத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே ரோட்டில் ஒரு லாரி எடை மேடைக்குத் திரும்புவது தெரிந்தது. அந்த நாற்காலி இங்கிருந்து தெரியாது. ஆனாலும் அவர் அந்தப் பக்கமே பார்த்தார்.

"அண்ணனுக்கு ஆன மாதிரி இவளுக்கு ஆயிருச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

"அதே பயந்தானுங்க எனக்கும்," என்றார் மயிலாத்தாள். "அஞ்சு மாசமா. ஒவ்வொரு நாளும் தொவைக்கறப்ப உங்க சட்டைப் பையில அந்த அட்டை இருக்குதா, பிரிச்சாச்சான்னு பாத்து எடுத்து வச்சுட்டுத்தான் சட்டையத் தண்ணில போடறேன்."

சென்னியப்பன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

கரட்டம்மா எழுந்து உள்ளே போனார். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் பாறைமேல் வைத்தார்.

சென்னியப்பன் சொம்பைப் பார்த்தார். கேட்பதற்கு வாயைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். ஐந்து மாதத்தில் அதன் ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது. ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, அரைச் சொம்பு தண்ணீரைக் குடித்தார். மீதியை மயிலாத்தாளிடம் நீட்டினார்.

மயிலாத்தாள் சொம்பை வாங்கிக்கொண்டார். பிறகு துணிப்பைக்குள் கையை விட்டார்.

"போறப்ப வாசல் கேட்டச் சாத்திட்டுப் போங்க," என்றார் கரட்டம்மா.

அதற்கு என்ன பொருள் என்று சென்னியப்பன் யோசிக்கவில்லை. சாத்தினார்.

பாதி இறக்கத்தில் மயிலாத்தாள் மூச்சு வாங்க நின்றார். சென்னியப்பனும் நின்றார்.

"ஏனுங்க, நாளைக்கு எத்தன முட்டை ஒடைக்கறது?"

"ரெண்டு," என்றார் சென்னியப்பன். "ஆளுக்கு ஒண்ணு. நான் ஒடைக்கறேன்."