சடைச்சியின் மாமலை ஏடு

பெயரைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சடைச்சிக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு.

சடைச்சி ஒரு கருமந்தி. மலை உச்சியில், ஆரஞ்சுத் தோட்டத்துக்கு நடுவில் ஆளில்லாமல் கிடந்த ஒரு பங்களாவின் சமையலறைதான் அவள் வீடு. பயப்படுவதற்கு அவளுக்குக் காரணமே வேண்டாம். மழை வந்தால் மரம் விழுமோ என்று பயம். மழை வராவிட்டால் பழம் சுருங்குமோ என்று பயம். வாலைச் சுருட்டி வைத்தால் மரத்துப் போகுமோ, நீட்டி வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்களோ என்று அதற்கும் பயம்.

ஆனால் ஆரஞ்சுப் பழத்தை அடுப்பில் ஏற்றிவிட்டால் அவள் வேறு ஆள்.

பங்களாவில் மனிதர்கள் இருந்த காலத்தில் அருளாந்து என்று ஒரு சமையல்காரர் இருந்தார். குளிர்காலம் வந்தால் ஆரஞ்சுத் தோலை மெல்லிசாக நறுக்கிச் சர்க்கரையோடு காய்ச்சுவார். அதை ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே தடவித் தட்டில் அடுக்குவார். சடைச்சி ஜன்னலுக்கு வெளியே கிளையில் உட்கார்ந்து ஏழு குளிர்காலம் அதைப் பார்த்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்தே படித்தாள். மனிதர்கள் எல்லோரும் கீழே இறங்கிப் போனதும், அவர்கள் விட்டுப்போன செம்புச் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவித் தானே காய்ச்சத் தொடங்கினாள்.

கண்ணால் பார்த்ததில் ஒரு குறையும் இல்லை. காதால் கேட்டதில்தான் சிக்கல். ஜன்னல் கண்ணாடி மூடியிருந்ததால் சமையல்காரர் சொன்ன பெயர் அரைகுறையாகத்தான் கேட்டது. அவர் சொன்னது மார்மலேடு. சடைச்சியின் காதில் விழுந்தது 'மாமலை ஏடு'. பாலின் மேலே படிவது பாலேடு. அப்படியானால் இந்தப் பெரிய மலையின் மேலே செய்வது மாமலை ஏடாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. யாராவது பெயர் கேட்டால் குரலைத் தாழ்த்தி, "மாமலை ஏடுன்னு நினைக்கிறேன், தப்பா இருந்தா தப்பா எடுத்துக்காதீங்க" என்பாள்.

பெயர் எப்படியோ, ருசியில் தப்பே இல்லை. கொண்டை ஊசி வளைவில் இருந்த பேக்கரிக்குப் பின்னால் ஒரு கூடை ஆரஞ்சை வைத்துவிட்டு, அங்கிருந்து ரொட்டியும் சர்க்கரையும் எடுத்து வருவாள். எடுத்தது திருட்டு இல்லை, பழத்துக்கு மாற்று என்பது அவள் கட்சி. ரொட்டியைத் துண்டு போட்டு, நடுவே தடவி, மூலைக்கு மூலை வெட்டி, இலையில் வைத்துக் காடு முழுக்க அனுப்புவாள். மலையணில் ஒரு வாயைக் கன்னத்தில் அடக்கி இரண்டு நாள் வைத்திருந்தது. காட்டெருமை, இலையைத் திருப்பிக் கொடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு மூன்று தடவை வந்தது.

பாராட்டு கேட்கக் கேட்கச் சடைச்சிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாள் ஓடைக்கரையில் நாலு பேர் கூடியிருக்கும்போது அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"என் கையால செஞ்சதை ஒரு வாய் சாப்பிட்டா, அந்தப் புள்ளியாரே கறி தின்கிறதை மறந்துடுவாரு."

புள்ளியார் என்பது அந்தக் காட்டுச் சிறுத்தை. அவர் பெயரை எல்லோரும் மெதுவாகத்தான் சொல்வார்கள். இவள் சத்தமாகச் சொன்னாள். அது மதியத்துக்குள் அவர் காதுக்குப் போய்விட்டது.

சேதியோடு வந்தவன் மோப்பன். மோப்பன் ஒரு மரநாய். பங்களாவின் கூரைக்குள்தான் குடியிருந்தான். மூக்கு நீளம், நாக்கு அதைவிட நீளம். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, புள்ளியார் சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினான். நாளைக் காலை வெயில் அவர் படுக்கும் பாறையைத் தொடும்போது ஒரு கிண்ணம் வர வேண்டும். நன்றாக இருந்தால் இந்தக் குளிர்காலம் முழுவதும் பங்களாவைச் சுற்றி யார் மேலும் நகம் படாது. கொண்டுவந்து கொடுப்பவருக்குக் குகையில் இடமும் வேட்டையில் பங்கும் உண்டு. நன்றாக இல்லை என்றால், செய்தவள்தான் அன்றைக்குச் சாப்பாடு.

சடைச்சி உடனே விறகுக் குவியலுக்கு அடியில் இருந்த முள்ளியிடம் ஓடினாள். முள்ளி ஒரு முள்ளம்பன்றி. சடைச்சிக்கு ஆரஞ்சுத் தோலைக் கீற முள் கொடுப்பவள் அவள்தான். எதையும் மூடி மறைத்துப் பேசத் தெரியாது.

"அக்கா, என் வாயாலேயே கெட்டேன்" என்றாள் சடைச்சி.

"வாயாலதான் கெட்டே. கையால பொழைச்சுக்கோ" என்று சொல்லி, முதுகைச் சிலிர்த்து நல்ல கூர்மையான முள்ளாக இரண்டை உதிர்த்துக் கொடுத்தாள் முள்ளி.

சடைச்சி உட்கார்ந்தாள். புளிப்பேறிய பழமாகப் பொறுக்கினாள். தோலைத் தனியே உரித்து முள்ளால் நூல் நூலாகக் கீறினாள். சாற்றைப் பிழிந்தாள். மற்றவர்கள் துப்பிவிடும் கொட்டைகளை, பாகு இறுக வேண்டும் என்று, ஒன்றுகூட விடாமல் பொறுக்கித் துணியில் முடிந்தாள். எல்லாவற்றையும் தண்ணீரில் ஊற வைத்தாள். கை வேலை செய்யச் செய்ய பயம் குறைந்தது.

அப்போது மோப்பன் மெல்ல உள்ளே வந்தான். என்ன அக்கா செய்கிறாய், உதவி வேண்டுமா என்று குழைந்தான். கடைசியில் சும்மா கேட்பது போலக் கேட்டான்.

"இதுக்குப் பேரு என்னக்கா?"

"மாமலை ஏடுன்னு நினைக்கிறேன்பா" என்றாள் சடைச்சி.

ஏடு! மோப்பனின் காது நிமிர்ந்தது. ஏடு என்றால் மேலே படிவது. அப்படியானால் சட்டியில் மேலே படிவதுதான் சரக்கு. கீழே கிடப்பதெல்லாம் வெறும் தோலும் தண்ணீரும். இவ்வளவு பெரிய ரகசியத்தைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு இவள் ஊரை ஏமாற்றுகிறாளே என்று நினைத்துக்கொண்டு கூரைக்குப் போய்விட்டான்.

மறுநாள் விடிந்ததும் சடைச்சி அடுப்பை மூட்டினாள். தோல் வெந்து மேலே வெள்ளையாக நுரை கட்டியது. தோலின் கசப்பும் அழுக்கும் அந்த நுரையோடுதான் வெளியே வரும். கலங்கல் இல்லாமல் வர வேண்டும் என்றால் அதை எடுத்தே ஆக வேண்டும். அவள் அகப்பையால் பக்குவமாக வழித்து வழித்து, கைக்கு எட்டிய ஒரு பித்தளைக் கிண்ணத்தில் போட்டாள். அப்புறம் கொட்டிக்கொள்ளலாம் என்று ஜன்னல் ஓரம் வைத்தாள்.

கூரையிலிருந்து மோப்பன் பார்த்துக்கொண்டே இருந்தான். எவ்வளவு பத்திரமாக எடுக்கிறாள்! எவ்வளவு பளபளப்பான கிண்ணத்தில் வைக்கிறாள்! அவள் துணி முடிச்சைப் பிழியத் திரும்பினாள். கிண்ணம் போய்விட்டது.

"நுரைக் கிண்ணத்தைக் காணோமே" என்றாள் சடைச்சி.

"கொட்டுற வேலை மிச்சம். சர்க்கரையைப் போடு" என்றாள் முள்ளி.

பாறை மேல் புள்ளியார் காத்திருந்தார். மோப்பன் கிண்ணத்தை முன்னால் வைத்து, இதைத் தானே ராத்தூக்கம் இல்லாமல் செய்ததாகச் சொன்னான். புள்ளியார் ஒரே நக்கில் பாதியை வழித்தார். அவ்வளவுதான். நாக்கிலிருந்து தொண்டை வரை கசந்தது. மீசையில் நுரை ஒட்டிக்கொண்டது. தும்மினார், இருமினார், பாறையில் நாக்கைத் தேய்த்தார்.

"யாருடா செஞ்சது இது?"

"சடைச்சிதான் ஐயா செஞ்சா. நான் வெறுமனே தூக்கிட்டு வந்தேன்" என்றான் மோப்பன், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

புள்ளியார் பங்களாவை நோக்கிப் பாய்ந்தார். கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு மோப்பனும் பின்னாலேயே ஓடினான். அவள் தின்னப்படுவதைப் பார்க்க வேண்டுமே.

சமையலறை வாசலில் சிறுத்தையின் நிழல் விழுந்தது. முள்ளி விறகுக்குள் புகுந்துகொண்டாள். சடைச்சி திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் கண், திறந்த வாய், வாய் முழுக்கப் பல். மற்ற நேரமாக இருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பாள். ஆனால் அப்போது சட்டியில் சர்க்கரை கரைந்து, பாகு கொதித்து, பொன் நிறமாக ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பதம்.

"உன்னைத் தின்ன வந்திருக்கேன்" என்றார் புள்ளியார்.

"தின்னுங்கய்யா. யாரு வேண்டாம்னா?" என்றாள் சடைச்சி, அகப்பையை விடாமல். "ஆனா இப்ப நான் நகர்ந்தா அடிப்பிடிச்சுடும். இது இறங்கட்டும். அந்த முக்காலியில உட்காருங்க."

புள்ளியாரிடம் இதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. ஓடுபவர்களைத் துரத்தித்தான் அவருக்குப் பழக்கம். உட்காரச் சொன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்.

சடைச்சி ஜன்னல் ஓரத்துக் குளிரில் வைத்திருந்த பீங்கான் தட்டை எடுத்தாள். ஒரு சொட்டு விட்டாள். ஆறும்வரை பொறுத்தாள். விரலால் மெல்லத் தள்ளினாள். சொட்டின் மேலே பட்டுப் புடவை மடிப்பு போலச் சின்னச் சின்னச் சுருக்கம் விழுந்தது.

"பாருங்க. ஓடலை, கட்டியும் ஆகலை. இதுதான் பதம்" என்று அந்தச் சிறுத்தையின் மூக்குக்கு நேரே தட்டை நீட்டினாள். அவளுக்கு அப்போது உயிர்ப்பயமே நினைவில் இல்லை. அருளாந்துகூட இவ்வளவு தெளிவாகக் காய்ச்சியதில்லை. அடியில் கிடக்கும் தோல் கீற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது.

சட்டியை இறக்கினாள். சூடு கொஞ்சம் தணிந்ததும் தடிமனாக இரண்டு ரொட்டித் துண்டு வெட்டி, ஓரம் வரை தடவி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினாள். மூலைக்கு மூலை வெட்டினாள். ஓரத்தில் பொன் நிறமாக ஒரு கோடு பிதுங்கியது.

"இதைச் சாப்பிட்டுட்டு என்னைச் சாப்பிடுங்க. பசியோட தின்னா ருசி தெரியாது."

புள்ளியார் ஒரு கடி கடித்தார். முதலில் ரொட்டியின் மெத்து. அப்புறம் இனிப்பு. அதற்குப் பின்னால் புளிப்பு. கடைசியாக, நாக்கின் அடியில், தோலின் சின்னக் கசப்பு. அது இருந்ததால்தான் இனிப்பு இனிப்பாகத் தெரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். 

"இன்னொண்ணு" என்றார்.

நான்கு சாண்ட்விச் முடிந்த பிறகுதான் அவருக்கு வந்த வேலை ஞாபகம் வந்தது. "அப்ப இவன் எனக்குக் கொடுத்தது என்ன?" என்று மோப்பனைப் பார்த்தார்.

சடைச்சி கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயையோ, இது கீழே கொட்டுற நுரை!"

"நீதானே ஏடுன்னு சொன்னே!" என்று மோப்பன் கத்தினான். "மேலே படிஞ்சதுதானே ஏடு? வேற எதை நான் எடுப்பேன்?"

விறகுக் குவியலுக்குள்ளிருந்து முள்ளியின் குரல் மட்டும் வந்தது. "பேரைக் கேட்டவன் செய்முறையையும் கேட்டிருக்கணும்டா தம்பி."

புள்ளியார் மோப்பனைத் தின்னவில்லை. வயிறு நிறைந்திருந்தது. மிச்சம் இருந்த நுரையை அவன் ஒரு துளி விடாமல் நக்கித் தீர்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். மோப்பன் நக்கினான், ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. அந்தக் குளிர்காலம் முழுவதும் பங்களாவைச் சுற்றி யார் மேலும் நகம் படவில்லை. வாரம் ஒரு முறை புள்ளியார் வந்து முக்காலியில் உட்கார்ந்து, வெட்கப்படாமல் நான்கு சாண்ட்விச் சாப்பிட்டுப் போனார்.

குளிர் முடியும் நேரத்தில் ஒரு நாள் அருளாந்து மலையேறி வந்தார், பழைய சமையலறையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. மேஜை மேல் இருந்ததை ஒரு விரலில் தொட்டு வாயில் வைத்தார். சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கிளையில் ஒரு கருமந்திதான் உட்கார்ந்திருந்தது.

"மார்மலேடு" என்றார் அவர், நிறுத்தி, தெளிவாக. "என்னுடையதைவிட நல்ல மார்மலேடு."

இந்தத் தடவை ஜன்னல் திறந்திருந்தது. சடைச்சிக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது. பெருமையில் அன்றைக்கு முழுவதும் அவளால் சாப்பிடக்கூட முடியவில்லை. சாயங்காலம் முள்ளியிடம் ஓடிவந்து சரியான பெயரைக் காதோடு சொன்னாள். இனிமேல் தைரியமாக ஊருக்கே சொல்லலாமே என்றாள் முள்ளி.

சடைச்சி யோசித்தாள். அவள் பயந்த சுபாவம் எங்கேயும் போய்விடவில்லை. மோப்பன் ஒருத்தன்தானா இந்தக் காட்டில்?

அதனால் அவள் அந்தப் பெயரைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். அடுத்த குளிர்காலத்திலிருந்து நுரையைப் பித்தளைக் கிண்ணத்தில் வழித்து, கிண்ணத்தை நன்றாகத் துடைத்து, ஜன்னல் ஓரத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தாள். நல்லதை ஓரம் உடைந்த ஒரு கரிச்சட்டியில் ஊற்றி, அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில் வைத்துக் கூடையால் மூடினாள். யாராவது பெயர் கேட்டால், இப்போது குரலைத் தாழ்த்துவதில்லை. கூரை வரை கேட்கும்படி, "மாமலை ஏடு!" என்று சொன்னாள்.

பெயரை மட்டும் தெரிந்துகொண்டு திருடுகிறவருக்கு நுரைதான் மிஞ்சும், வேலையைத் தெரிந்தவரிடமே ருசி தங்கும்.