பாதி மலையில் திரும்பிய கரடிகள்

மலையடிவாரக் காட்டில் மூக்காயி என்றொரு கரடி இருந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பேச்சி, இளையவன் கட்டையன். போன வருஷம்வரை இரண்டு பேருக்கும் அம்மாவின் முதுகில்தான் சவாரி. இப்போது முதுகு தாங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டார்கள். ஆனால் காட்டுக்குள் தனியாக அனுப்பும் அளவுக்கு இன்னும் வளரவில்லை.

அதனால் தினமும் காலையில் மூவரும் ஓடைக்கரைப் பாதையில் நடக்கப் போவார்கள். மேடுபள்ளம் அதிகமில்லாத பாதை. வழியெல்லாம் நாவல் மரங்கள், கறையான் புற்றுகள்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கட்டையன் முனகுவான்.

"நேற்றும் இதே பாதைதானே!" என்று பேச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

ஒரு புற்றைக் கண்டுவிட்டால் போதும், இருவருக்கும் கால் வலி பறந்துவிடும்!

ஒரு நாள் கொம்பையா என்ற வரையாடு தண்ணீர் குடிக்க ஓடைக்கு வந்தார்.

"என்ன மூக்காயி, இன்னும் ஓடைக்கரையிலேயே உலாத்துகிறாய்? என் மகன் நேற்று உச்சிக்கே ஏறிவிட்டான்! உன் பிள்ளைகள் வயசுதான் அவனுக்கும்!"

மூக்காயிக்குச் சுருக்கென்றது. "நாங்களும் நாளைக்கு உச்சிக்குத்தான் போகிறோம்!" என்று வாய் முந்திக்கொண்டது.

ஆடு போனதும் பேச்சி கேட்டாள். "எதற்கம்மா உச்சிக்கு?"

"எதற்கா? ஆட்டுக்குட்டி ஏறுகிற இடத்தில் கரடிக்குட்டி ஏறக் கூடாதா?"

மறுநாள் காலையில் மூவரும் கிளம்பினார்கள். முதலில் எல்லாம் குஷியாகத்தான் இருந்தது. கட்டையன் முன்னால் ஓடினான். போகப்போக மரங்கள் குறைந்தன. பிறகு புல்லும் முடிந்து வெறும் பாறைதான். மூடுபனி வேறு இறங்கியது. கொம்பையாவிடம் திரும்பிப் போய் என்ன சொல்லலாம் என்ற யோசனையில் மூக்காயி ஏறிக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று ஓர் அலறல்!

ஈரப் பாறையில் கட்டையன் வழுக்கிவிட்டான். சரிந்து போனவன், ஒரு புதரைப் பற்றிக்கொண்டு தொங்கினான். கீழே பள்ளம், பனி மூடிக் கிடந்தது.

"அம்மா! பிடியை விட்டால் விழுந்துவிடுவேன்!"

மூக்காயி பதறிக்கொண்டு இறங்கினாள். "பயப்படாதே கண்ணு! என் முதுகில் ஏறிக்கொள்!"

அவன் ஏறினான். அவ்வளவுதான், பாரம் தாங்காமல் அவளும் சேர்ந்து சறுக்கி, நகத்தை ஊன்றி எப்படியோ நின்றாள். ஒரு கல் பெயர்ந்து உருண்டது. அது அடியில் விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்தே கேட்டது.

"அம்மா, தூக்காதே!" என்று பேச்சி கத்தினாள். "அவனை இறக்கிவிடு! அவனே இறங்குவான்!"

"சின்னப்பிள்ளைடி அவன்!"

"நாவல் மரத்தில் எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கிறான்! டேய் கட்டையா, இதையும் மரம் என்று நினைத்துக்கொள். பின்பக்கமாக இறங்கு. வெடிப்பு பார்த்து நகத்தை மாட்டு. நான் உனக்குக் கீழேயே வருகிறேன்!"

மூக்காயிக்குப் பிள்ளையை விட மனசே வரவில்லை. ஆனாலும் விட்டாள்.

"இடது காலை இன்னும் கொஞ்சம் கீழே... அங்கே வேண்டாம், பாசி! ஆங், அப்படித்தான்!" பேச்சி சொல்லச் சொல்ல, கட்டையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினான். கடைசியில் மூவரும் புல்தரையில் வந்து விழுந்தார்கள்.

மேலே பாறை விளிம்பில் கொம்பையாவின் தலை தெரிந்தது. "அட, உச்சி இதோ கூப்பிடு தூரம்! பாதியில் திரும்புகிறீர்களா?"

மூக்காயிக்கு முகம் கன்றியது. கால்கள் மறுபடியும் மேல்பக்கம் திரும்பின.

பேச்சி முந்திக்கொண்டாள். "ஆமாம் மாமா, திரும்புகிறோம்! உங்கள் குளம்புக்கு இந்த ஈரப் பாறை ஒத்துவரும். எங்கள் காலுக்கு ஒத்துவராது. தம்பியும் பயந்திருக்கிறான்."

சொன்னவள் முகத்தில் துளியும் வெட்கம் இல்லை. மூக்காயி மகளையே பார்த்தாள். பிறகு தானும் கீழே போகத் திரும்பினாள்.

கொம்பையா கொஞ்சம் இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "உன்னிடம் சொல்வதற்கென்ன மூக்காயி! என் பையனும் முந்தாநாள் வரமாட்டேன் என்றுதான் அழுதான். நான்தான் பின்னாலிருந்து முட்டி முட்டி ஏற்றினேன். அன்றைக்குப் படுத்தவன் இன்னும் எழுந்திருக்கவே இல்லை!"

இறங்கும்போது பிள்ளைகள் முன்னால் போனார்கள். மூக்காயி முதல்முறையாகப் பின்னால் நடந்தாள். தம்பி தடுமாறுகிற இடங்களில் அக்கா நின்று காத்திருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க மூக்காயிக்கு மனசு நிறைந்து வழிந்தது.

வழியில் ஒரு முள்ளம்பன்றி கேட்டது: "உச்சிக்குப் போனீர்களாமே?"

"போகவில்லை! என் மகன் செங்குத்துப் பாறையில் தானே இறங்கினான்! என் மகள்தான் வழி சொன்னாள்!" என்று மூக்காயி காடே கேட்கச் சொன்னாள். அடுத்து வந்த மானிடம் சொன்னாள். கேட்காத குரங்கையும் நிறுத்திச் சொன்னாள்.

"அம்மா, போதும்! மானம் போகிறது!" என்று பேச்சி சிணுங்கினாள். ஆனால் அம்மா எதையும் விட்டுவிடாமல் சொல்கிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் நடந்தாள்!

ஊர் மெச்சுவதற்காகப் பிள்ளைகளை உச்சியில் ஏற்றுவதைவிட, திரும்ப வேண்டிய இடத்தில் துணிந்து திரும்பத் தெரிந்த பிள்ளைகளை வளர்ப்பதே பெற்றவர்களுக்குப் பெருமை.