நாச்சியப்பன் பில் கேட்ட விதம்

பலெர்மோவில் இத்தாலிய மொழி சொல்லிக்கொடுக்கும் யாழ்ப்பாணத்துக்காரி புனிதமலருக்கு இரத்தக் கொதிப்பு கிடையாது. வந்தால் அதற்கு ஒரே காரணம், காரைக்குடிப் பழம்பொருள் வியாபாரி நாச்சியப்பன்தான். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த மாணவர்.

"டீச்சரம்மா, கடைக்காரன் சரவிளக்கைப் பெட்டியில கட்டி வச்சிட்டான். பில் மட்டும் தரமாட்டேங்கிறான்."

போன வருடம் பில் இல்லாமல் வாங்கிய நிலைக்கண்ணாடி சுங்கத்தில் மாட்டி இன்னும் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிடக்கிறது. இந்த விளக்குக்கு ஒரு கல்யாண வீட்டில் வாக்குக் கொடுத்தாயிற்று. இதுவும் மாட்டினால் மனுஷன் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

"கேட்டனீங்களோ?"

"நீங்க சொன்னபடியே கேட்டேன். 'மி ஃபா லா ஃபத்தூரா?' பில் போட்டுத் தருவீங்களா. 'லீவா எ கொம்ப்ரேசா?' வரி சேர்த்த விலையா. ஓர் எழுத்து பிசகல."

"அதுக்கு அவன்?"

"கடகடன்னு ஏதோ சொன்னான். ம்... ம்...னு கேட்டுக்கிட்டேன்."

சொல்லும்போதே தலை மேலும் கீழும் ஆடியது. புனிதமலர் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"பில் வேண்டாமெண்டால் விலை குறைப்பன் எண்டிருப்பான். நீங்கள் ஓமெண்டு தலையாட்டியிருக்கிறியள்!"

"ஐயையோ! அது மரியாதைக்கு ஆட்டினதுங்க!"

"அது அவனுக்கு எப்பிடித் தெரியும்? போன வருசமும் இதைத்தானே செய்தனீங்கள்?"

"அப்ப இன்னும் நாலு வாக்கியம் எழுதிக் குடுங்க."

நோட்டில் ஏற்கெனவே நாற்பது இருந்தன.

"எழும்புங்கோ," என்றாள். அவரைக் கடைக்கே இழுத்துக்கொண்டு போனாள்.

"மி ஃபா லா ஃபத்தூரா?"

அவ்வளவுதான் கேட்டாள். கடைக்காரன் சிரித்தான், கையை விரித்தான், விலையைக் குறைத்தான், காப்பி வேண்டுமா என்றுகூடக் கேட்டான். அவள் கழுத்து அசையவில்லை. பக்கத்தில் நாச்சியப்பனின் தலை ஆடத் தொடங்கியது. அவர் காலை ஓங்கி மிதித்தாள். கடைசியில் கடைக்காரன் முணுமுணுத்துக்கொண்டே பில்லை அச்சடித்து நீட்டினான்.

வெளியே வந்ததும் நாச்சியப்பனுக்கு வாயெல்லாம் பல். பில்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

"நான் கேட்டதைத்தானே நீங்களும் கேட்டீங்க? அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?"

"தலையாட்டாமல் நிண்டனான்."

பேனாவை எடுத்தார். "அதை இத்தாலியன்ல எப்படிச் சொல்லணும்?"

புனிதமலர் நோட்டைப் பிடுங்கித் தன் பையில் போட்டாள்.

"முதல்ல தமிழில பழகுங்கோ, அண்ணை. விளங்குதோ?"

நாச்சியப்பன் பலமாகத் தலையாட்டினார்.