வெள்ளரியின் உச்சிச் சூடு

செடிகொடிகளும் ஆடுமாடுகளும் மனிதரோடு சரிக்குச் சரி வாய்கொடுத்துப் பேசிய அந்தக் காலத்தில், வெள்ளரிக்காய் காம்பு முதல் நுனி வரை ஒரே கசப்பாக இருந்தது. சாதாரணக் கசப்பு இல்லை. அதைக் கடித்தவன் வேப்பங்கொழுந்தே தேவலை என்று ஓடிப்போவான். அதனால் கண்மாய் வற்றிய பிறகு நடு வண்டலில் வெள்ளரிக்கொடி அதுபாட்டுக்குப் படரும், காய்க்கும், பழுக்கும், யாரும் சீண்டாமல் காய்ந்தும் போகும்.

அந்தச் சீமையில் இருளாயி என்று ஓர் ஆட்டுக்காரி இருந்தாள். பச்சைப்பிள்ளைக்காரி. கோடை பிறந்ததும் அவள் புருசன் பெரிய ஆட்டுக்கிடையை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டான். குட்டி போட்ட ஆடுகளை மெதுவாக ஓட்டிக்கொண்டு, முதுகுத் தூளியில் மகள் பூவாயியைக் கட்டிக்கொண்டு, இருளாயி பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.

வழிச்சாப்பாட்டுக்கு அவள் எடுத்துக்கொண்டது வறுத்த கொள்ளும் நெத்திலிக் கருவாடும். கெட்டுப்போகாது, சுமக்க லேசு, அடுப்பு மூட்ட வேண்டாம். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே பெருமைதான். கொள்ளை ஒரு கை அள்ளிப்போட்டு, கருவாட்டை ஒரு கடி கடித்து, சுரைக்குடுக்கையிலிருந்து தண்ணீர் குடிப்பாள். கொஞ்ச தூரம் நடந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மறுபடி குடிப்பாள். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியதே தவிரக் குறையவில்லை. அடுத்த கண்மாயில் நிரப்பிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் குடுக்கையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்தாள்.

கண்மாய்க்கு வந்து கரையேறிப் பார்த்தால் உள்ளே மண் வெடித்துக் கிடந்தது. அடுத்த கிணறு ஒரு நாள் நடை. பூவாயி பசியில் அழுதாள். மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டது. மற்ற மார்பிலும் வைத்துப் பார்த்தாள். பால் இல்லை. ஆட்டு மடிகளைத் தடவிப் பார்த்தாள். குட்டிகள் ஒட்ட ஒட்டக் குடித்திருந்தன.

மந்தையில் சுட்டி என்று ஒரு வெள்ளாடு உண்டு. நெற்றியில் வெள்ளைப் பொட்டு, வாய் கொஞ்சம் நீளம்.

"அழுது இருக்கிற தண்ணியவும் விட்டுராத," என்றது சுட்டி. "நானும் பால் குடுக்கிறவதான். நேத்துலருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. எனக்கு மூச்சு வாங்குதா, பாரு."

"நீ ஆடுடி."

"ஆடுதான். ஆனா நான் திங்கிறது சாரணைக்கீரை. கீரைக்குள்ளேயே தண்ணி இருக்கு. நீ திங்கிறது காஞ்சது, பத்தாததுக்கு உப்புக் கருவாடு. உள்ள போனதும் அது மொதல்ல ஒன் தண்ணியத்தான் குடிக்குது. அது குடிச்சது போக ஒனக்கு எங்கிட்டு மிஞ்சும்? ஒனக்கே மிஞ்சாதப்ப பிள்ளைக்கு எங்கிட்டு மிஞ்சும்?"

இருளாயிக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. ஆனால் ஆடு சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

"சரி, அந்தச் சாரணை எங்க இருக்கு?"

சுட்டி தலையைத் தாழ்த்திக்கொண்டது. "அதை நாங்க வாரப்பவே மேஞ்சு முடிச்சிட்டோம்," என்றது. பிறகு கண்மாயின் நடுவே முகத்தைக் காட்டி, "இப்பப் பச்சையா இருக்கிறது அந்த வெள்ளரிக்கொடி ஒருத்திதான். அவகிட்ட வாய வச்சு நரி பட்ட பாடு ஊருக்கே தெரியும்," என்றது.

நரி முதலில் கெஞ்சிப் பார்த்ததாம், பிறகு மிரட்டிப் பார்த்ததாம், கடைசியில் ஒரு காயைக் கடித்துவிட்டு, நிலா வந்தும் ஊளையிட வாய் வராமல் திரிந்ததாம்.

இருளாயிக்கு வேறு வழி இல்லை. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி நடுக் கண்மாய்க்குப் போனாள். அந்தக் கொடியைப் பார்த்ததும் அவளையும் அறியாமல் நின்றுவிட்டாள். சுற்றி எங்கேயும் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அந்தக் கட்டாந்தரையில், ஆளுக்கு முழங்கை நீளத்தில், காய்கள் வயிறு புடைக்கப் படுத்திருந்தன. இத்தனை தண்ணீரை இவள் எங்கிருந்து சேர்த்தாள் என்று மலைப்பாக இருந்தது.

"என்ன பார்வை? கடிச்சிட்டுத் துப்பிட்டுப் போ. எல்லாரும் அம்புட்டுத்தான்," என்றது வெள்ளரிக்கொடி.

இருளாயி ஒரு காயைப் பறித்துக் கடித்தாள். கசப்பு காது வரைக்கும் ஏறியது. துப்பிவிட்டு, ஆத்திரத்தில் காயை வீசப் போனவள் கையை இறக்கிக்கொண்டாள். காயின் வயிறு பானைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. காம்புப் பக்கம் மட்டும் கொதித்தது. அழுது ஓய்ந்த பூவாயியின் உச்சந்தலையில் கை வைத்துப் பார்த்தாள். அங்கேயும் அதே சூடு.

"ஏ ஆத்தா," என்றாள். "ஒனக்கு உச்சி இந்தக் கொதி கொதிக்குதே. நோகலையா?"

கொடியிடம் வயிற்றைக் கேட்டு வந்தவர்கள் உண்டு, தலை நோகிறதா என்று கேட்டவர் அதுவரை யாரும் இல்லை.

"நோகாம என்ன," என்றது கொடி. "மேல வெயிலு, கீழ வெடிச்ச மண்ணு. கெடச்ச ஈரத்த எல்லாம் வயித்துல எறக்கிட்டேன். சூடு பூராம் மண்டைக்கு ஏறிருச்சு. மண்டை காஞ்சா மனசும் கசந்துதான் போகும். வாரவுக எல்லாம் ஏன் கசக்கிறேன்னு வைவாக."

"பிள்ளைக்கு உச்சி காஞ்சா எண்ணெய் வச்சுத் தேய்ப்போம். எங்கிட்ட எண்ணெய் இல்லையேத்தா."

சொல்லிக்கொண்டே அவள் கொடியோடு இருந்த இன்னொரு காயின் தலையைக் கையால் தேய்த்தாள். தோல் தடித்திருந்தது. சூடு அசையவில்லை.

"மேல ஒரு வில்லை சீவிக்கிடவா?" என்று கேட்டாள். "கொஞ்சம் வலிக்கும். அந்த வில்லையாலேயே தேச்சுவிடுறேன்."

தொண்டை வறண்டு, பிள்ளை துவண்டு கிடக்கிற நேரத்தில், தண்ணீரை வைத்திருக்கிறவளிடம் தண்ணீர் கேட்காமல் தலைவலியை விசாரித்தாளே, அவளல்லவா மனுஷி.

"சீவு," என்றது கொடி.

இருளாயி காயைக் கிள்ளியெடுத்து, இடுப்பு அரிவாளால் காம்புப் பக்கம் மெல்லிசாக ஒரு வில்லை சீவினாள். அந்த வில்லையை வெட்டுவாயில் வைத்து, பூவாயிக்கு உச்சியில் தேய்க்கிற அதே பதத்தில், சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க வெள்ளையாக நுரை பொங்கி வந்தது. வழித்துப் போட்டாள். மறுபடி தேய்த்தாள். எத்தனையோ கோடையின் கசப்பு நுரை நுரையாக இறங்கியது.

"போதுமாத்தா?"

"இன்னுங் கொஞ்சம் தேய்," என்றது கொடி. குரலில் பழைய வெடுக்கு இல்லை. நுரை நின்றதும், "இப்பக் கடி," என்றது.

இருளாயி கடித்தாள். வாய் நிறையத் தண்ணீர். மென்றாள், அதுவும் தண்ணீர். இன்னொரு காய்க்கும் அதே போலத் தலையைத் தேய்த்துவிட்டுத் தின்றாள். குடுக்கைத் தண்ணீர் தொண்டையில் இறங்கி எங்கே போனதென்றே தெரிந்ததில்லை. இது அப்படி இல்லை. சாவகாசமாக இறங்கி, உள்ளே உட்கார்ந்துகொண்டது. தண்ணீரைக் குடிப்பது வேறு, தண்ணீரைத் தின்பது வேறு என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. ஒரு பிஞ்சைச் சீவித் தேய்த்துப் பிள்ளையின் உதட்டில் பிழிந்தாள். கொடியின் பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்தாள். பொழுது விடியும்போது மார்பு கனத்தது. பூவாயி வயிறு முட்டக் குடித்துவிட்டு, கொடியின் பூவைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

கிளம்பும்போது இருளாயி மீதிக் கருவாட்டைத் தூரப் போட்டாள். கொடி அவள் மடி நிறையக் காய் கொடுத்தது.

"என் விதைய எல்லாம் வழியில கெடக்கிற காஞ்ச கண்மாயில போட்டுட்டுப் போ," என்றது. "எங்க மொளச்சாலும் எங்க வம்சம் வயித்தக் குளிர்ச்சியா வச்சிருக்கும். சூட்டக் காம்போட நிறுத்திக்கிடும். ஆனா எங்க தலையத் தொடாம வயித்துல வாய வைக்கிறவுகளுக்குப் பழைய கசப்புத்தான், சொல்லிரு."

இருளாயி போகிற வழியெல்லாம் விதையைப் போட்டாள், பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அன்றைக்குத் தொடங்கியதுதான்: எவ்வளவு தாகத்தில் வந்தவரானாலும், வெள்ளரியைக் கையிலெடுத்தால், முதலில் அதன் உச்சியைச் சீவி நுரை வரத் தேய்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறார்கள்.