நாலாம் நம்பருக்குச் சந்தனம்

“சாமி, என் கையைத் தின்ன மிஷினை நானே கும்பிடணுமாம். கும்பிடட்டுங்களா, வேண்டாங்களா?”

அங்கண்ணன் இதைக் கேட்டபோது நஞ்சம்மா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மில்லின் பின்சுவரை ஒட்டி, கழிவுப் பஞ்சு போட்டுவைத்திருந்த பழைய கொட்டகைதான் அவளுடைய இருப்பிடம். முன்பு அவளும் அதே மில்லில் நூல் சுற்றியவள். ஒரு நாள் சங்கு ஊதியதும் எல்லோரும் உள்ளே போக, அவள் மட்டும் வெளியே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் சாமி. அங்கண்ணனுக்கு மகள் வயது. ஆனாலும் மனசு கெட்டுப்போன நாளில் அவர் வந்து நிற்கிற இடம் அதுதான்.

“யாரு கும்பிடச் சொல்றது?”

“ஆபீஸ்ல சொல்றாங்க. ஆளுகளுஞ் சொல்றாங்க. என்ற வூட்லயே சொல்றாங்க.”

ஆயுத பூஜைக்கு மில் நிற்கும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நிற்கும். போன வருஷம் நிற்கவில்லை. கப்பலுக்கு நூல் போக வேண்டும் என்று முதலாளி பூஜையைத் தள்ளிப்போட்டார். பிறகு மறந்தே போனார்.

தீபாவளி கழிந்த வாரம், பஞ்சைச் சீவும் நாலாம் நம்பர் மிஷின் அங்கண்ணனின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது.

மில்லில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பூஜை கிடைக்காத கோபம். தனக்கு உண்டானதை அது தானே எடுத்துக்கொண்டது. சேவல் அறுத்துப் பார்த்தார்கள். அப்படியும் நாலாம் நம்பர் பக்கம் போக ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

இந்த வருஷம் பெரிய பூஜை. கையைக் கொடுத்தவரே சந்தனம் பூசிவிட்டால் ஆட்களுக்குப் பயம் தெளிந்துவிடும் என்று ஆபீஸில் ஒரு யோசனை. அப்படிச் செய்தால் அவருடைய மருமகன் சென்னியப்பனுக்கு நிரந்தர வேலை. பதிலி ஆளாகக் காலையில் கேட்டில் நின்று, கூப்பிட்டால் உள்ளே, இல்லாவிட்டால் வீட்டுக்கு என்று அலைந்துகொண்டிருந்தவன் அவன்.

வேலை எந்த மிஷினில்?

நாலாம் நம்பரில்.

“ஏனுங்ணா, மிஷினு கோவிச்சுக்குச்சா?” என்றாள் நஞ்சம்மா.

“ஆமாங்க சாமி.”

“கையை விட்டப்போ அது ஓடிச்சா, நின்னுச்சா?”

“ஓடிட்டுத்தான் இருந்துச்சு.”

“ஓடறதுக்குள்ள எதுக்குக் கையை விட்டீங்க?”

“பஞ்சு அடைச்சுக்கிச்சுங்க. எடுக்கோணுமில்ல?”

“நிறுத்திப்போட்டு எடுக்கறது.”

அங்கண்ணன் சிரித்துவிட்டார். குழந்தைகூட இப்படிக் கேட்காது.

“என்னுங்க சாமி, மில்லுல இருந்தவங்க நீங்க. நிறுத்தினா மேஸ்திரி சும்மா உடுவானுங்களா? எல்லாரும் அப்படித்தான் எடுக்கறோம். மிஷினு நிக்கறது ஆயுத பூசைக்குத்தான்.”

“பூசை எப்படிப் பண்ணுவீங்க?”

அவர் முகம் மலர்ந்தது. “மொதல்ல நிறுத்துவோம். சீமெண்ணெய் போட்டுத் தொடைப்போம். எண்ணெய் உடுவோம். சந்தனம், குங்குமம், மாலை. கற்பூரம் காட்டி, ஒரு பிடி பஞ்சு போட்டு ஒரு சுத்து ஓட்டுவோம். அதோட சரி. அன்னைக்குப் பூரா அதுக்கு ஓய்வுங்க. ஒருத்தரும் தொடக் கூடாது.”

“மிஷினுக்கு ஓய்வு. உங்களுக்கு?”

“நாங்கதானுங்களே தொடைக்கறது.”

நஞ்சம்மா இப்போது சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல.

“கும்பிடட்டுங்களா, வேண்டாங்களா? அதைச் சொல்லுங்க.”

“போய் அந்த மிஷினுக வரிசையில உக்காருங்க.”

“கிண்டல் பண்றீங்களா சாமி?”

“இத்தனை வருசம் அங்கதான நின்னீங்க. ஒரு நாள் உக்காந்தா என்ன?”

மேற்கொண்டு கேட்க வாயெடுத்தார். அவள் தொலியைத் தட்டிக் கூட்ட ஆரம்பித்துவிட்டாள். போ என்று அர்த்தம்.

வழியிலேயே சென்னியப்பன் பிடித்துக்கொண்டான். மில் சத்தத்தில் பழகிய தொண்டை. ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வான்.

“அந்தப் பைத்தியம் என்ன மாமா சொல்லுச்சு?”

“மெதுவாப் பேசு மாப்ளே.”

“கெடுத்துப்போடாதீங்க மாமா. உங்களுக்கு அப்புறம் அது அடங்கிருச்சு. தின்ன வாய்க்கு மறுபடியும் பசிக்குமா?”

அங்கண்ணன் நடையை எட்டிப்போட்டார். பசிக்காத வாய் ஒன்றை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

பூஜை நாள்.

மோட்டார் நின்றபோது கூரையில் குருவிகள் கத்துவது கேட்டது. அவை எப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். அந்த அமைதியிலும் ஆட்கள் ஒருவரோடொருவர் கத்தித்தான் பேசினார்கள்.

மேஸ்திரி சந்தனக் கிண்ணத்தை அங்கண்ணனிடம் கொடுத்தார். எல்லாக் கண்களும் அவர்மேல். நாலாம் நம்பர் துடைத்து, எண்ணெய் மினுங்க, மாலையோடு நின்றது. அவர் கையை எடுத்த நாளில் அதை இப்படி யாரும் துடைத்திருக்கவில்லை.

அவர் கிண்ணத்தைத் தரையில் வைத்தார்.

நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் இருந்தது. அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூடியிருந்த துண்டை விலக்கி, மொட்டைக் கையை மடிமேல் வைத்துக்கொண்டார்.

“என்ன அண்ணா இது? எந்திரிங்க!” மேஸ்திரி பதறினார். “முதலாளி வர்ற நேரம்!”

அவர் எழவில்லை. யாராவது ஏன் என்று கேட்பார்கள் என்று காத்திருந்தார்.

முதலாளி வந்தார். அவருக்கு இன்னும் இரண்டு மில்களில் பூஜை இருந்தது. பூசாரி வேகவேகமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று சந்தனம் வைத்துக்கொண்டே வந்தார். தரையில் இருந்த கிண்ணத்தை எடுத்து நாலாம் நம்பருக்கும் வைத்தார். அடுத்து அங்கண்ணன். பூசாரியின் கை தயங்கியது. திரும்பி முதலாளியைப் பார்த்தார்.

“யாரு இது?”

“நாலாம் நம்பர்ல கை போனவருங்க” என்றார் மேஸ்திரி.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். “நேரமாச்சு. எல்லாத்துக்கும் வெச்சுட்டு வாங்க.”

பூசாரி அங்கண்ணனின் நெற்றியில் சந்தனத்தை அப்பினார். அதன்மேல் குங்குமம். கற்பூரத் தட்டை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு ஐந்தாம் நம்பருக்குப் போனார்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் தலை குனியவும் இல்லை. மிஷின்களைக் கும்பிட்ட கைகள் அப்படியே அவரையும் கும்பிட்டுவிட்டு நகர்ந்தன. சென்னியப்பன் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டான். கையைக் கொடுத்தவருக்கே பொட்டு வைத்தாயிற்று. அவனுக்கு இனி என்ன பயம்?

சந்தனம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

இதற்காகவா உட்காரச் சொன்னாள்? அங்கண்ணனுக்கு நஞ்சம்மாமேல் ஆத்திரமாக வந்தது. அவமானப்படக்கூட இங்கே அடுத்தவன் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. அவரை ஓர் ஆளாகப் பார்க்க ஒருவனும் இல்லை.

வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். மோட்டார் போட்டார்கள். குருவிச் சத்தம் அடங்கிப்போனது. ஒரு சுற்று ஓட்டுவதற்காகச் சென்னியப்பன் நாலாம் நம்பரிடம் ஓடினான். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைபோல ஓடினான்.

மிஷின் சுழன்றது. ஆட்கள் கை தட்டினார்கள்.

சுழன்ற வேகத்தில் வாய்ப்பக்கம் பஞ்சு கொஞ்சம் அடைத்துக்கொண்டது. பெரிய அடைப்பு இல்லை. விரலால் எடுத்துவிடலாம்.

சென்னியப்பன் முழங்கை வரை சட்டையைச் சுருட்டினான்.

உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தபோதுதான் அங்கண்ணனுக்கு அது தெரிந்தது. நிற்கிறவன் பஞ்சை மட்டும் பார்க்கிறான். உட்கார்ந்தவன் முகத்துக்கு நேராக நிறுத்துகிற கைப்பிடி இருந்தது. சிவப்பு வண்ணம் அடித்தது. தொட்டுத் தேயாமல், வாங்கிய நாளில் இருந்ததுபோலவே பளபளப்பாக இருந்தது.

அவர் எழுந்தார். இடது கையால் அதைப் பிடித்து இழுத்தார். மொட்டைக் கையை மருமகன் கைக்குக் குறுக்கே நீட்டினார்.

நாலாம் நம்பர் முனகி முனகி நின்றது.

“யார்றா நிறுத்தினது?” மேஸ்திரி கத்தினார். “நல்ல நாளும் அதுவுமா! முதலாளி இன்னும் வாசல்லதான் நிக்கறாரு!”

“நான்தான்” என்றார் அங்கண்ணன்.

வாசலில் முதலாளி திரும்பிப் பார்த்தார். மேஸ்திரியிடம் இரண்டு வார்த்தை சொன்னார். காரில் ஏறிப் போய்விட்டார்.

மேஸ்திரி வந்தார். “உங்க மாப்ளையைக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு வேற ஆளு.”

“ஐயோ மாமா, என் பொழப்பக் கெடுத்துப்போட்டீங்களே!” சென்னியப்பன் அலறினான். அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

அங்கண்ணன் அந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே நின்றார்.